ஒரே புடவை, நான்கு விதமான கண்கள்: வருகையாளருக்கு ஏற்ப இணையதளத்தை மாற்றியமைக்கும் முழுமையான வழிகாட்டி

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை விற்கும் நடுத்தரக் கடை ஒன்றின் இணையதளத்தை இந்த வழிகாட்டி முழுவதற்கும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். முகப்பில் ஒரு பெரிய படம், ‘புதிய வரவுகள்’ என்ற வரி, அதன்கீழே வரிசையாகப் புடவைகள். மகளின் முகூர்த்தத்துக்குப் புடவை தேடும் தஞ்சாவூர்க் குடும்பமும் இந்தப் பக்கத்தைத்தான் பார்க்கிறது. டொரொன்டோவிலிருந்து கூறைச் சேலை (ஈழத்தமிழர் திருமணச் சேலை) தேடும் மணப்பெண்ணும், பத்துப் புடவைகளை மொத்தமாக எடுத்து வீட்டிலிருந்தே விற்கும் கோவைப் பெண்மணியும், போன மாதம் வாங்கிய புடவையின் சரிகை கறுக்காமல் எப்படி வைத்துக்கொள்வது என்று தெரிந்துகொள்ள வந்தவரும் இதே பக்கத்தில்தான் வந்து நிற்கிறார்கள். நான்கு பேருக்கும் தேவை வேறு வேறு. தளமோ நால்வரிடமும் ஒரே பேச்சைப் பேசுகிறது.

இதை மாற்றுவதற்குப் பெரிய நிறுவனங்களின் விலை உயர்ந்த மென்பொருள் வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் பெரும்பகுதி வேலை ஒரு தாளிலும் பேனாவிலும் முடிந்துவிடுகிறது. கடைசிவரை ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: வருகையாளர் தாமாகத் தெரிவித்ததை வைத்துப் பக்கத்தை மாற்றலாம், நீங்களாக அவரைப் பற்றி ஊகித்ததை வைத்து மாற்றக் கூடாது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த விதியிலிருந்து கிளைப்பவைதான்.

படி 1: கேள்விகளைத் திரட்டுங்கள்

கடையின் வாட்ஸ்ஆப் எண்ணுக்குக் கடந்த மூன்று மாதங்களில் வந்த கேள்விகளை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். தொலைபேசியை எடுக்கும் ஊழியரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். இப்படி ஒரு பட்டியல் கிடைக்கும்: ‘இது அசல் சரிகையா?’, ‘கோர்வையா, சாதா கரையா?’, ‘இதே நிறத்தில் கரை மட்டும் வேறு கிடைக்குமா?’, ‘ரவிக்கைத் துணி சேர்ந்து வருமா?’, ‘லண்டனுக்கு எத்தனை நாளில் வரும், சுங்க வரி யார் கட்டுவது?’, ‘பத்து எடுத்தால் என்ன விலை போடுவீர்கள்?’, ‘ஆடித் தள்ளுபடி எப்போது?’, ‘எண்ணெய்க் கறை பட்டுவிட்டது, என்ன செய்வது?’

இப்போது ஒரே ஆள் கேட்கக்கூடிய கேள்விகளைச் சேர்த்துக் கட்டுங்கள். சரிகை, கோர்வை, நிறம், தேதி ஆகியவை முகூர்த்தக் குடும்பத்தின் கேள்விகள். அனுப்பும் நாள், வரி, தைத்த ரவிக்கை ஆகியவை வெளிநாட்டு வாடிக்கையாளருடையவை. எண்ணிக்கையும் தள்ளுபடியும் மொத்தமாக வாங்குபவருடையவை. பராமரிப்பும் மாற்றித் தருவதும் ஏற்கெனவே வாங்கியவருடையவை. நான்கு கட்டுகள் போதும். ஏழெட்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் எழுதவும் புதுப்பிக்கவும் ஆளிருக்காது. ஆறே மாதத்தில் பாதிப் பக்கங்கள் காலாவதியாகிவிடும்.

வயது, பாலினம், வருமானம் என்று ஆட்களைப் பிரிக்கும் பழக்கம் விளம்பரத் துறையிலிருந்து வந்தது. புடவைக் கடைக்கு அது உதவாது. இருபத்தைந்து வயதுப் பெண் தன் திருமணத்துக்கும் வாங்கலாம், பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்கும் வாங்கலாம். வயது ஒன்றுதான், கேள்விகள் முற்றிலும் வேறு.

படி 2: எந்த அடையாளத்தை நம்பலாம் என்று தீர்மானியுங்கள்

ஒருவர் எந்தக் கட்டைச் சேர்ந்தவர் என்பதை அறிய உதவும் அடையாளங்களின் தரம் ஒரே மாதிரி இல்லை. இங்கே கொஞ்சம் நிதானித்து யோசிப்பது நல்லது. பெரும்பாலான தளங்கள் சறுக்கும் இடம் இதுதான்.

எல்லாவற்றிலும் வலுவானது, அவர் முதலில் வந்து இறங்கிய பக்கம். கூகுள் தேடலிலிருந்து வருபவர் என்ன சொல்லைத் தேடினார் என்பதை இப்போது கூகுள் தளங்களுக்கு ஒவ்வோர் ஆளாகத் தெரிவிப்பதில்லை. ஆனால் ‘பட்டுப்புடவையைத் துவைப்பது எப்படி’ என்ற பக்கத்தில் ஒருவர் இறங்குகிறார் என்றால் அவர் கையில் ஏற்கெனவே ஒரு புடவை இருக்கிறது. அவரிடம் புதிய வரவுகளை நீட்டுவதைவிட, பராமரிப்புக் குறிப்புகளின் கீழே ஃபால்ஸ், குஞ்சம், பாலிஷ் செய்து தரும் சேவையைக் காட்டுவது பொருத்தம்.

அடுத்தது, நீங்களே குறியிட்டு அனுப்பிய இணைப்பு. மொத்த வியாபாரிகளின் வாட்ஸ்ஆப் குழுவுக்கு அனுப்பும் இணைப்பில், எங்கிருந்து வந்தார் என்பதைக் காட்டும் யூடிஎம் குறியீடு ஒன்றை முகவரியின் கடைசியில் சேர்த்துவிட்டால், அதைத் தொட்டு வருபவர் யார் என்பதில் சந்தேகமே வேண்டாம். வருகைகளைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ் கருவியும் அதைத் தானாகப் படித்துக்கொள்ளும்.

நாடு ஓரளவு நம்பகமானது. பிரவுசர் வரும் ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் எண்) நாட்டைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிட முடியும். உங்கள் தளம் க்ளவுட்ஃப்ளேர் என்ற இடைநிலைச் சேவை வழியாகப் போகிறதென்றால், ஒவ்வொரு கோரிக்கையுடனும் இரண்டெழுத்து நாட்டுக் குறியீட்டைச் சேர்த்து அனுப்பும் வசதி அதில் உண்டு. ஊர் விஷயத்தில் அந்த நம்பிக்கை வேண்டாம். மொபைல் இணைப்பில் வரும் திருநெல்வேலிக்காரர் சென்னைக்காரராகவோ பெங்களூர்க்காரராகவோ தெரியக்கூடும். ‘உங்கள் ஊர் சென்னையில்...’ என்று அவரை வரவேற்றால் முதல் வரியிலேயே நம்பிக்கை போய்விடும்.

பிரவுசரின் மொழி அமைப்பு நம் மக்களைப் பொறுத்தவரை பலவீனமான அடையாளம். நம்மில் ஏராளமானோர் தொலைபேசியை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு தமிழில் படிக்கிறவர்கள். பிரவுசர் அனுப்பும் அக்செப்ட்-லேங்குவேஜ் என்ற மொழித் தகவலில் ஆங்கிலம் வருகிறது என்பதற்காக அவர்களுக்குத் தமிழ்ப் பக்கத்தை மறைத்துவிடாதீர்கள். மேலே ‘தமிழ்’ என்ற பொத்தானை எல்லாருக்கும் காட்டுங்கள். ஒருமுறை தேர்ந்தெடுத்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரை வைத்து மதத்தையோ சாதியையோ ஊகித்துப் பொருள் காட்டும் வேலையை அறவே செய்யாதீர்கள். கிறிஸ்தவத் திருமணங்களுக்கு வெள்ளை, சந்தன நிறப் பட்டு தேடுவார்கள் என்பது உண்மை. மடிசார் கட்டுபவர்கள் ஒன்பது கஜம் தேடுவார்கள் என்பதும் உண்மை. அதற்காகப் பெயரைப் பார்த்துப் பக்கத்தை மாற்றுவது அவமதிப்பு. ‘வெள்ளை மற்றும் சந்தன நிற மணப்புடவைகள்’, ‘ஒன்பது கஜம்’ என்று தெளிவான பிரிவுகளை வைத்தால் வேண்டியவர் தாமே தொடுவார். தொட்ட பிறகு அந்தப் பிரிவை அவருக்கு முன்னால் வைக்கலாம், அதில் தவறே இல்லை.

படி 3: ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்

ஜவுளிக் கடையில் பாய் விரித்து உட்காரவைக்கும் விற்பனையாளர், ‘என்ன விசேஷம்?’ என்று கேட்ட பிறகுதான் அலமாரியைத் திறப்பார். தளமும் அதையே செய்யலாம். முகப்புப் படத்துக்குக் கீழே, திரையை மறைக்காமல், ‘எதற்காகப் பார்க்கிறீர்கள்?’ என்று ஒரு வரி. அதன்கீழே நான்கு பொத்தான்கள்: திருமணத்துக்கு, பரிசளிக்க, வெளிநாட்டுக்கு அனுப்ப, மொத்தமாக வாங்க. பரிசளிக்க வருபவரை முதல் கட்டோடு சேர்க்கலாம், கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஏற்கெனவே வாங்கியவருக்குத் தனிப் பொத்தான் வேண்டாம், அவர் பராமரிப்புப் பக்கம் வழியாக வந்துவிடுவார்.

இந்தக் கேள்வி பக்கத்தை மறைத்துக்கொண்டு எழும் பெட்டியாக இருக்கக் கூடாது. பதில் சொல்லாமல் கீழே போக விரும்புபவருக்கு வழக்கமான பக்கம் முழுதாக இருக்க வேண்டும். பதில் சொன்னவருக்கு, பக்கத்தின் மேலே ‘திருமணத்துக்கான புடவைகளைப் பார்க்கிறீர்கள். மாற்ற’ என்ற சிறு வரி எப்போதும் தெரிய வேண்டும். தன் முன்னால் இருப்பது ஏன் இருக்கிறது என்பது தெரிந்தால் மனிதர்களுக்குத் தயக்கம் குறைகிறது.

படி 4: எதை மாற்றுவது, எதைத் தொடக் கூடாது

அரக்கு நிற உடல், பச்சைக் கரை, மயில் சக்கரப் புட்டா போட்ட ஒரு கோர்வைப் புடவையின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்வோம். இதில் எவருக்கும் மாறக் கூடாதவை: விலை, பட்டின் தரம், சரிகையின் வகை, எடை, நீளம், சில்க் மார்க் (தூய பட்டு என்பதற்கான முத்திரை) இருக்கிறதா என்ற தகவல், திருப்பித் தரும் விதிமுறை. இவை கடையின் வாக்குறுதிகள்.

மாறக்கூடியவை மூன்றே இடங்கள்: படங்களின் வரிசை, படத்தின் கீழே வரும் மூன்று வரிகள், பொத்தானின் வாசகம்.

முகூர்த்தக் குடும்பத்துக்கு முதல் படம், முந்தியை விரித்துப் பகல் வெளிச்சத்தில் எடுத்தது. மூன்று வரிகள்: ‘உடலும் கரையும் தனித்தனி நாடாக்களால் நெய்து இணைத்த கோர்வை. இதே வடிவம் வேறு நிறத்தில் வேண்டுமானால் தறியில் ஏற்ற வேண்டும், முகூர்த்தத் தேதியை முன்பே சொல்லுங்கள். கடையில் நேரில் பார்க்கவும் எடுத்து வைக்கிறோம்.’ பொத்தான்: ‘வீடியோவில் காட்டச் சொல்லுங்கள்’. பெரிய தொகைக்குப் பட்டு வாங்கும் குடும்பம் படத்தைப் பார்த்த உடனே பணம் கட்டுவதில்லை. வீட்டுப் பெரியவர்கள் நிறத்தைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். ‘இப்போதே வாங்குங்கள்’ என்ற பொத்தான் அந்தக் குடும்பத்தின் அவசரத்தை அல்ல, கடையின் அவசரத்தைத்தான் காட்டும்.

டொரொன்டோ மணப்பெண்ணுக்கு முதல் படம், கட்டிய நிலையில் முழு உருவம். மூன்று வரிகள்: அனுப்ப ஆகும் நாள்கள், சுங்க வரி யார் பொறுப்பு, அளவு கொடுத்தால் ரவிக்கை தைத்து அனுப்புவோமா என்பது. விலையை ரூபாயில் காட்டி, அருகே கனேடிய டாலரில் உத்தேச மதிப்பு. ஈழத்தமிழர் திருமணங்களில் கூறைக்கு உள்ள தனி இடத்தை அறிந்து, அந்தப் பெயரிலேயே ஒரு தொகுப்புப் பக்கம் வைத்திருப்பது, நாட்டை வைத்துச் செய்யும் எந்த மாற்றத்தைவிடவும் அவருக்குப் பயன்படும்.

மொத்தமாக வாங்குபவருக்கு ஒற்றைப் புடவையின் அழகுப் பேச்சே வேண்டாம். கையிருப்பு எத்தனை, எத்தனை நிறங்கள், குறைந்தபட்ச எண்ணிக்கை, அவர் தம் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிக்கொள்ளக் கடைப் பெயர் இல்லாத படங்கள். எண்ணிக்கைக்கு ஏற்ற தள்ளுபடி உண்டென்றால் அதை எல்லாரும் படிக்கக்கூடிய ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள்.

விலையைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். 2012-இல் ஆர்பிட்ஸ் என்ற அமெரிக்கப் பயணத் தளம், ஆப்பிள் மேக் கணினியில் வருபவர்களுக்கு விலை கூடிய ஓட்டல்களை முன்னால் காட்டியது வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் செய்தியானது. ஒரே அறைக்கு வேறு விலை வைக்கவில்லை, வரிசையைத்தான் மாற்றினார்கள். அதுவே வாடிக்கையாளர்களுக்குக் கசந்தது. உங்கள் வாடிக்கையாளர்களோ உறவினர் குழுக்களில் இணைப்பைப் பகிர்ந்துகொள்பவர்கள். அக்காவுக்கு ஒரு விலையும் தங்கைக்கு ஒரு விலையும் தெரிந்தால் அன்றோடு கடையின் பெயர் போயிற்று.

படி 5: தொழில்நுட்பம்

பக்கத்தை இரண்டு இடங்களில் மாற்றலாம்: சர்வரிலேயே தயாரித்து அனுப்புவது, அல்லது பிரவுசருக்கு வந்த பிறகு ஜாவாஸ்கிரிப்டால் மாற்றுவது. இரண்டாவது வழி எளிது. ஆனால் பழைய படம் ஒரு கணம் தோன்றிப் பின்பு புதியது வரும். அந்தத் துள்ளல் கண்ணை உறுத்தும், பக்கத்தின் வேக மதிப்பெண்ணையும் குறைக்கும். முக்கியப் படம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், உள்ளடக்கம் இடம் பெயரும் அளவு 0.1-ஐத் தாண்டக் கூடாது என்பவை கூகுள் வகுத்திருக்கும் அளவுகோல்கள். ஆகவே மேலே தெரியும் படத்தைச் சர்வரில் மாற்றுங்கள், கீழே இருக்கும் வரிகளை வேண்டுமானால் பிரவுசரில் மாற்றுங்கள். மாறப்போகும் பெட்டிக்கு உயரத்தை முன்பே ஒதுக்கிவிடுங்கள்.

சர்வரில் மாற்றும்போது கேஷ், அதாவது தயாரான பக்கத்தைச் சேமித்துவைத்துத் திரும்பக் கொடுக்கும் அமைப்பு, தான் பெரிய கண்ணி. தளத்தை நடத்த வேர்ட்பிரஸும், விற்பனைக்கு அதன் வூகாமர்ஸ் செருகுநிரலும் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒரு கேஷ் செருகுநிரலையும் வைத்திருப்பார்கள். அது கனடாவுக்காகத் தயாரான பக்கத்தைச் சேமித்துவைத்து அடுத்து வரும் கும்பகோணத்துக்காரருக்கும் கொடுத்துவிடும். கேஷ் அமைப்பில், நாட்டுக்கும் தேர்வுக்கும் ஏற்பத் தனித்தனிப் பிரதி வைக்கும்படி சொல்ல வேண்டும். நான்கே வகைகள் என்று முதலிலேயே கட்டுப்படுத்தியதன் பயன் இங்கே தெரியும்: பிரதிகளின் எண்ணிக்கை கட்டுக்குள் இருக்கும்.

வருகையாளரின் பதிலை ஒரு குக்கியில் (பிரவுசரில் சேமிக்கும் சிறு குறிப்பு) வையுங்கள். அதில் ‘திருமணம்’ என்பதற்கான ஒரு குறி இருந்தால் போதும், பெயரோ எண்ணோ தேவையில்லை. ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் குக்கியை ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் 7 நாள்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை. திருமணப் புடவையைக் குடும்பங்கள் வாரக்கணக்கில் யோசிக்கும். ஐஃபோனில் இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வருபவர் புதியவராகத் தெரியாமலிருக்க, குக்கியைச் சர்வர் வழியாக எழுதுங்கள்.

கருவி வாங்குவது பற்றி ஒன்று. கூகுள் ஆப்டிமைஸ் என்ற இலவசக் கருவியை நம்பி ஏராளமான சிறு தளங்கள் இந்த வேலையைச் செய்துவந்தன. 2023 செப்டம்பர் 30-ஆம் தேதி கூகுள் அதை மூடிவிட்டது. உங்கள் விதிகளையும் வாசகங்களையும் கருவிக்குள் மட்டும் வைக்காமல் ஒரு விரிதாளிலும் எழுதிவையுங்கள்.

படி 6: தேடுபொறியைக் குழப்பாதீர்கள்

பக்கங்களைப் படித்துப் பட்டியலிடும் கூகுளின் தானியங்கி நிரல் பெரும்பாலும் அமெரிக்க ஐபி முகவரிகளிலிருந்தே வருகிறது. அமெரிக்காவிலிருந்து வருபவர்களை வேறு பக்கத்துக்குத் தானாகத் திருப்பிவிட்டால், தமிழ்நாட்டுக்கான பக்கத்தைக் கூகுள் பார்க்காமலே போகலாம். கட்டாயத் திருப்பம் வேண்டாம். ‘கனடாவிலிருந்து பார்க்கிறீர்களா? அனுப்பும் விவரங்கள் இங்கே’ என்று ஒரு பட்டையைக் காட்டுங்கள். தமிழ், ஆங்கிலப் பக்கங்களுக்குத் தனித்தனி முகவரி கொடுத்து, எது எந்த மொழிக்கு என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஹெச்ரெஃப்லேங் குறிப்பால் ஒன்றோடொன்று இணையுங்கள். தேடுபொறிக்கு ஒன்றைக் காட்டி மனிதர்களுக்கு முற்றிலும் வேறொன்றைக் காட்டுவது கூகுளின் விதிகளை மீறும் செயல். படத்தின் வரிசையையும் மூன்று வரிகளையும் மாற்றுவதில் அந்தச் சிக்கல் இல்லை.

படி 7: சட்டமும் வீட்டுக் கூடமும்

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. கடமைகள் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை அந்தச் சட்டம் மக்களுக்குத் தருகிறது. அந்த 22-இல் தமிழும் ஒன்று. எனவே ஒப்புதல் வரியை நல்ல தமிழில் எழுதுங்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் நடத்தையைப் பின்தொடர்வதற்கும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதற்கும் அதே சட்டம் தடை விதிக்கிறது. பிரான்ஸ், ஜெர்மனி வாழ் தமிழர்களைக் குறிவைத்து விற்கிறீர்கள் என்றால் 2018 மே 25 முதல் அமலில் இருக்கும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிமுறையும் உங்களைக் கட்டுப்படுத்தும்.

சட்டம் சொல்லாத ஒன்றும் உண்டு. நம் வீடுகளில் ஒரே தொலைபேசியை அம்மா, அப்பா, பிள்ளைகள் என்று மூன்று பேர் பயன்படுத்துவது சாதாரணம். மனைவியின் பிறந்தநாளுக்கு ரகசியமாகப் பார்த்துவைத்த புடவை, அடுத்தமுறை முகப்பில் ‘நீங்கள் கடைசியாகப் பார்த்தவை’ என்று பெரிய படமாக நின்றால் அந்த மகிழ்ச்சி கெட்டுவிடும். நிச்சயம் ஆகும்முன்பே பெண் மணப்புடவை பார்த்தது வீட்டில் தெரிந்தால் வேறு பேச்சு கிளம்பும். பார்த்தவற்றைப் பக்கத்தின் அடியில், ஒரு தொடுதலுக்குப் பின்னால் வையுங்கள். ‘அழி’ என்ற பொத்தானும் அங்கேயே இருக்கட்டும்.

படி 8: பலனை அளந்து பாருங்கள்

பாதிப் பேருக்குப் பழைய பக்கம், பாதிப் பேருக்குப் புதிய பக்கம் காட்டி ஒப்பிடும் சோதனையைத்தான் எல்லாரும் பரிந்துரைப்பார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். நூற்றில் 2 பேர் விசாரிக்கும் நிலையிலிருந்து 2.5 பேராக உயர்ந்ததை நம்பும்படி நிறுவ, வழக்கமான புள்ளியியல் அளவுகளின்படி ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறத்தாழ 14,000 பேர் வேண்டும். மொத்தம் 28,000. நாளுக்கு 200 பேர் வரும் தளத்துக்கு இது 140 நாள் வேலை. அதற்குள் ஆடி போய்த் தீபாவளியும் வந்து எல்லா எண்ணிக்கையும் மாறியிருக்கும்.

சிறு கடைக்கு இதைவிடப் பயனுள்ள அளவுகோல் படி 1-இலேயே இருக்கிறது. வாட்ஸ்ஆப்பில் ‘சுங்க வரி யார் கட்டுவது?’ என்ற கேள்வி முன்பு மாதத்துக்கு எத்தனை முறை வந்தது, இப்போது எத்தனை முறை வருகிறது? குறைந்திருந்தால் பக்கம் பதில் சொல்லத் தொடங்கிவிட்டது. ‘மாற்ற’ என்ற வரியை எத்தனை பேர் தொடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். அது கூடினால் உங்கள் பிரிப்பு தவறு.

படி 9: காலாவதியாகும் தேதி

ஒவ்வொரு விதிக்கும் அருகே விரிதாளில் மூன்று நிரல்கள் வேண்டும்: யார் எழுதியது, எதை நம்பி எழுதியது, எப்போது மறுபடி பார்க்க வேண்டும். ஆடித் தள்ளுபடிப் பட்டை ஆவணியில் தானாக இறங்கிவிட வேண்டும், ஆள் வந்து இறக்கக் காத்திருக்கக் கூடாது.

வெளிநாட்டுக்கான வாசகங்களுக்கு இது இன்னும் அவசியம். 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு அளித்துவந்த சுங்க வரி விலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. இந்திய அஞ்சல் துறை அதற்குச் சில நாள் முன்பே அமெரிக்காவுக்கான பெரும்பாலான பார்சல்களைத் தற்காலிகமாக ஏற்க மறுத்தது. அந்த வாரத்தில் நியூ ஜெர்சியிலிருந்து வந்த வருகையாளருக்கு ‘சுங்க வரி இல்லை’ என்ற பழைய வாசகத்தைத் தனியாகக் காட்டிக்கொண்டிருக்கும் தளம், எல்லாருக்கும் பொதுவாகப் பேசும் தளத்தைவிட மோசமானது. அந்த வாசகத்தை அவருக்கென்றே எழுதியிருக்கிறார்கள் என்று நம்பித்தான் அவர் பணம் கட்டுவார். நாடு சார்ந்த வாசகங்களை மாதம் ஒருமுறை, பண்டிகை சார்ந்தவற்றைப் பண்டிகைக்கு முன்னும் பின்னும், மற்றவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள். சரிபார்க்கும்போது கணினியில் மட்டும் பார்க்காமல், விலை குறைந்த ஆண்ட்ராய்டு தொலைபேசி ஒன்றில், வாட்ஸ்ஆப் இணைப்பைத் தொட்டு உள்ளே போய், நான்கு பொத்தான்களையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள்.